அக்காவின் கண்ணும் என் அவசரமும்

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைந்திருக்கும். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னாள் என் மனைவி. நல்லது எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் என் தவறை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படிக்க வேண்டும்.

அக்கா பிறந்தது மார்டள்ளி கிராமத்தில், மானாவாரிக் காட்டை நம்பியிருந்த குடும்பத்தில். அப்பா காலமானபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்கு ஏழு. அடுத்த வருடமே அம்மாவையும் என்னையும் மைசூருக்குக் கூட்டி வந்து, ஒரு பட்டு நெசவாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தறியிலிருந்து இறங்கும் சேலைகளை விரித்து, அறுந்த இழையோ கறையோ இருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் வேலை. முப்பத்தைந்து வருடம் அதே மேசை. என்னை ஐடிஐ படிக்க வைத்தார். மைசூரிலேயே ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்த பிறகு கல்யாணமும் செய்து வைத்தார். தனக்கென்று ஒரு குடும்பத்தைத் தேடிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், "இவனைக் கட்டி மேய்க்கறதே போதுமுங்க" என்று சிரித்துவிடுவார்.

அக்காவின் கண் எங்கள் வீட்டுப் பெருமை. நாற்பதுக்கு மேல் கடையில் பவர் பார்த்து ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டால் ஒற்றை இழைப் பிசகுகூடத் தப்பாது. ஊசியில் நூல் கோக்க முடிகிறதா, கண் நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டில் கண் பரிசோதனை என்பது அவ்வளவுதான்.

எங்கள் தொழிற்சாலையில் வருடந்தோறும் ஊழியர் குடும்பங்களுக்குக் கண் பரிசோதனை நடக்கும். அக்காவுக்கு ஐம்பது வயதானபோது ஒருமுறை அழைத்துப் போனேன். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். அங்கிருந்த பெண் தமிழும் கன்னடமுமாகச் சொன்னார்: "ஆன்ட்டி, இன்னும் முடியல. கண் அழுத்தம் பாக்கணும், சொட்டு மருந்து விட்டு உள்ள நரம்பு பாக்கணும். ஸ்வல்ப வெயிட் மாடி, கொஞ்சம் இருங்க."

ஒரு மணிக்குக் கம்பெனி பஸ். அதை விட்டால் மாலையில்தான்.

"கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டாங்களேம்மா, அப்புறம் என்ன?" என்றேன்.

"இருந்துட்டே போலாமே, சாமி" என்றார் அக்கா.

"மருந்து விட்டா சாயங்காலம் வரைக்கும் கண்ணு மங்கலா இருக்கும்க்கா. பஸ் போயிரும், வா."

வந்துவிட்டார். அன்று வீட்டில் எனக்கு எந்த அவசர வேலையும் இல்லை. சாப்பிட்டுத் தூங்கினேன். அடுத்தடுத்த வருடங்களில் முகாம் வந்தபோதெல்லாம், "அதான் பாத்தாச்சே" என்று நானே முடித்துவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து அக்கா பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிட ஆரம்பித்தார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். தெருவில் பக்கவாட்டிலிருந்து கும்பிட்டவர்களைக் கவனிக்காமல் போவார். நான் முன்கோபி, உங்களுக்கெல்லாம் தெரியும். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? பாத்து நடக்க மாட்டியா?" என்று கத்துவேன். அக்கா சிந்தியதைத் துடைப்பார். எங்களைத் தூக்கி நிறுத்திய மனுஷியை அப்படிப் பேசினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தபோது இடது கண்ணில் சீயக்காய் பட்டுவிட்டது. அந்தக் கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டே வெளியே வந்தவர், "ஏன் சாமி, கரண்டு போயிருச்சா?" என்றார்.

காலை பத்து மணி. வாசல் முழுக்க வெயில்.

கிளாக்கோமா என்றார் கண் மருத்துவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும், வலிக்காது, பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும், நடுப்பார்வை இருப்பதால் எழுத்தெல்லாம் தெரியும். அக்காவின் வலது கண் முழுதாகப் போயிருந்தது. இடது கண்ணில் ஒரு குழாய்க்குள் பார்க்கிற அளவு மிச்சம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கூடப் பிறந்தவர்தானே? நீங்களும் பார்த்துக்கணும்" என்றார்.

இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. "மருந்து விட்டுக்க. எத்தனை நேரமானாலும் நான் இங்கயே உக்காந்திருக்கறேன்." எனக்கும் அழுத்தம் ஏறியிருந்தது. ஆரம்பம் என்பதால் தினமும் சொட்டு மருந்தோடு தப்பித்தேன். இந்தக் கட்டுரையை நானே என் கண்ணால் பார்த்து எழுதுகிறேன்.

அடுத்த ஐந்து வருடம் அக்கா அந்தக் கொஞ்சப் பார்வையோடு காலம் தள்ளினார். சென்ற ஆண்டு கடைசிப் படி தெரியாமல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் நுரையீரலில் சளி கட்டி, பத்தாம் நாள் போய்விட்டார்.

நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் தவறாமல் வந்து மருந்து விட்ட பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், வாரந்தோறும் வந்து அக்காவைச் சிரிக்க வைத்த நெசவாலைத் தோழிகளுக்கும், மார்டள்ளியிலிருந்தும் குண்டலுபேட்டையிலிருந்தும் ஓடி வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எங்கள் ரத்த உறவில் நாற்பது தாண்டிய எல்லோரையும் கும்பிட்டுக் கேட்கிறேன். கடையில் பவர் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கண் மருத்துவரிடம் போய் அழுத்தமும் நரம்பும் பாருங்கள். மறுபடி எப்போது வர வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் ஒரு பகல் வேளையில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு பஸ்ஸுக்காக உன்னை இழுத்துட்டு வந்துட்டேனேக்கா."

அக்கா என் கையைத் தேடிப் பிடித்தார். "அதை விடு, சாமி. அப்புறமாச்சும் நானே போய்ப் பாத்திருக்கலாம். நீ திட்டத் திட்ட, எனக்குத்தான் கவனம் கொறஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். கண்ணுன்னு தோணவே இல்ல."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். நான் கத்தியதை எல்லாம் அக்கா நம்பியிருக்கிறார்.

— தம்பி