கேம் கோர்ஸ் பிரோஷரில் என் படம்

1. டை-அப்

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கேம் கம்பெனியில் லீட் புரோகிராமராக இருந்தேன். கேம் கம்பெனி என்றதும் கலர் கலராகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வெளிநாட்டில் யாரோ செய்த செல்போன் கேமை ஒவ்வொரு போன் மாடலிலும் ஓட வைப்பதுதான் எங்கள் வேலை. ஒரு போனில் திரை சின்னது, இன்னொன்றில் மெமரி கிடையாது, மூன்றாவதில் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால் அப்படியே நின்றுவிடும். இதற்குப் பெயர் போர்ட்டிங். மாவு அவர்களுடையது, நாங்கள் ஊரில் உள்ள கல் எல்லாவற்றிலும் தோசை வார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கும் ஆள் கிடைக்கவில்லை. ஜாவா தெரிந்தவர்கள் பக்கத்துப் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விடுவார்கள். அங்கே கேண்டீன் பெரிது, கல்யாணச் சந்தையிலும் நல்ல பெயர். டெலிவரி தவறிக்கொண்டே இருந்தது, கிளையன்ட் போனில் கத்திக்கொண்டே இருந்தான். ஒரு நாள் எம்.டி. என்னைக் கூப்பிட்டார்.

"கோரமங்கலாவுல ஒரு இன்ஸ்டிட்யூட், கேம் டெவலப்மென்ட்னே மூணு வருஷ டிப்ளமா கோர்ஸ் ஆரம்பிக்கிறாங்க. நாம அவங்களோட டை-அப். சிலபஸ் நீங்க போட்டுக் குடுங்க."

சந்தோஷமாகத்தான் செய்தேன். வீட்டிலும் உட்கார்ந்து எழுதினேன். முதல் செமஸ்டரிலேயே சி பிளஸ் பிளஸ், டிரிக்னாமெட்ரி, வெக்டர், மேட்ரிக்ஸ் எல்லாம் வைத்தேன். திரையில் ஒரு பந்து சுவரில் மோதித் திரும்ப வேண்டும் என்றாலும் கணக்கு வேண்டும். அது இல்லாமல் கேம் கற்றுத் தருகிறேன் என்பது அடுப்பு இல்லாமல் சமையல் கற்றுத் தருகிற கதை.

இன்ஸ்டிட்யூட் டைரக்டர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மேடம், பி.யூ.சி.ல மேத்ஸுக்குப் பயந்து ஓடி வந்த பசங்கதான் நமக்குக் கஸ்டமர். வாசல்லயே மேத்ஸ உக்கார வச்சா எவன் உள்ள வருவான்?"

கணக்கு போயிற்று. சி பிளஸ் பிளஸ் கடைசி வருஷத்துக்குப் போய், அங்கே விருப்பப் பாடமாகி, அப்புறம் காணாமலே போயிற்று. மிஞ்சியது, எந்த சாஃப்ட்வேரில் எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்பது. நான் எம்.டி.யிடம் போய், இந்த சிலபஸில் என் பெயர் இருக்கக் கூடாது என்றேன். "அதுக்கென்ன, தூக்கிடலாம்" என்றார். பெயரைத் தூக்கினார்கள். பிரோஷருக்காக என்னை என் மேசையில் உட்கார வைத்து எடுத்த போட்டோ மட்டும் பிரோஷரின் உள் பக்கத்தில், எங்கள் கம்பெனி லோகோவுக்குக் கீழே, அப்படியே அச்சாகி வந்தது.

2. பொம்மனஹள்ளி ஜாம்

அப்போது அடுகோடியில் குடியிருந்தேன். காலையில் கம்பெனி கேப் வரும். ஓட்டுபவர் சம்பங்கி, சந்தாபுராக்காரர். தமிழ் வீட்டுப் பேச்சு, கன்னடம் ரோட்டுப் பேச்சு. என்னைத்தான் முதலில் ஏற்றுவார், அதனால் கொஞ்ச தூரம் நாங்கள் இருவர் மட்டும் இருப்போம்.

ஒரு நாள் பொம்மனஹள்ளியில் வண்டி நகரவில்லை. "மேடம், ஒரு விசயம் கேக்கணும்" என்று ஆரம்பித்தார். மகள் ரேவதி பி.யூ.சி.யில், அதாவது நம் பிளஸ் டூவில், நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதி, கவர்ன்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டும் கிடைத்துவிட்டது. ஆனால் அவளுக்குக் கேம் செய்ய வேண்டும். கேம் கோர்ஸில்தான் சேருவேன் என்கிறாள்.

டேஷ்போர்டிலிருந்து பிரோஷரை எடுத்து நீட்டினார். "இது நீங்கதானே மேடம்?"

"நான்தாண்ணா. ஆனா அதுல சேக்காதீங்க. இன்ஜினியரிங் சீட்ட விட்டுடாதீங்க. நானே இன்ஜினியரிங் படிச்சிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தேன்."

"அப்போ இந்தக் கோர்ஸ் இல்ல மேடம். இருந்திருந்தா நீங்க இதுலதானே சேந்திருப்பீங்க?"

"இருந்திருந்தாலும் சேந்திருக்க மாட்டேன்."

"கோர்ஸ் சரியில்லன்னா உங்க போட்டோவ ஏன் போட்டிருக்காங்க? சும்னே, சும்மாவா போடுவாங்க?"

நான் சிலபஸ் கதையைச் சொன்னேன். என் கம்பெனியைப் பற்றி அந்தக் கம்பெனி வண்டியிலேயே உட்கார்ந்து எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன். வண்டி நகர்ந்தது. கார்வேபாவிபாள்யா தாண்டும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"டிரைவர் பொண்ணு உங்க பக்கத்து சீட்ல வந்து உக்காந்தா நல்லா இருக்காதுன்னு தோணுதா மேடம்?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. மேலே இருப்பவர்கள் "உனக்கு இது வேண்டாம்" என்று சொன்னபோதெல்லாம் அவருக்கு நல்லது நடந்ததில்லை. பெண்ணை ஒரு நாள் ஆபீஸுக்குக் கூட்டி வாருங்கள், நானே பேசுகிறேன் என்றேன். "பாக்கலாம் மேடம்" என்றார். கூட்டி வரவில்லை. அடுத்த வாரம் ஸ்வீட் பாக்ஸை நீட்டினார். "சேத்துட்டேன் மேடம்." எடுத்துச் சாப்பிட்டேன், வேறென்ன செய்ய? அதன் பிறகு ரோட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசினோம்.

3. பந்தும் சுவரும்

மூன்று வருஷம் கழித்து அந்த முதல் பேட்ச் எங்களிடம் இன்டர்வியூவுக்கு வந்தது. ஒவ்வொருவரும் ஒரு சி.டி. கொண்டுவந்தார்கள். எல்லா சி.டி.யிலும் ஒரே கார் ரேஸ். ஒருவனுடையது சிவப்புக் கார், இன்னொருவனுடையது நீலக் கார். ரோடு, மரம், வளைவு எல்லாம் ஒன்றே. வாத்தியார் செய்து கொடுத்ததற்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே கேள்வி வைத்திருந்தேன். சாய்ந்த சுவரில் பந்து மோதினால் எந்தப் பக்கம் திரும்பும், எழுதிக் காட்டு. யாரும் எழுதவில்லை. ரேவதி மட்டும் கொஞ்ச நேரம் யோசித்து, சுவருக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, வெக்டரைப் பிரித்து, சரியாக எழுதினாள்.

"இது கோர்ஸ்ல இருந்துச்சா?"

"இல்ல மேடம். பி.யூ.சி.ல படிச்சது."

ஜாவாவும் தானாகவே கொஞ்சம் படித்திருந்தாள். எடுக்கலாம் என்று எழுதி எம்.டி.யிடம் கொண்டுபோனேன். அவர் பேப்பரைத் திறக்கவே இல்லை.

"இந்தப் பொண்ணு பி.இ. இல்லையே. கிளையன்ட் இன்ஜினியருக்குத்தான் ரேட் குடுக்கறான். டிப்ளமாவ உக்கார வச்சா ரேட்டக் கொறைப்பான்."

"அப்ப எதுக்கு சார் அவங்களோட டை-அப்?"

"லோகோவுக்கு அவங்க பணம் கட்டறாங்க. அவங்க பசங்கள எடுக்கறோம்னு நாம எங்க எழுதிக் குடுத்தோம்?"

"பின்ன எதுக்கு சார் இன்டர்வியூ வச்சோம்?"

"கூப்பிடறோம்னு எழுதிக் குடுத்திருக்கோம்ல."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. பிள்ளைகளை வரவழைத்து, வரிசையில் உட்கார வைத்து, டீ கொடுத்து அனுப்பினோம். அந்த டீக்குத்தான் ஒப்பந்தம்.

கீழே கேட் பக்கம் சம்பங்கி வண்டியை நிறுத்திவிட்டு மகளோடு நின்றிருந்தார். மெயிலில் தெரிந்துகொள்ளட்டும் என்று விட மனம் வரவில்லை. நானே போய்ச் சொன்னேன். தப்பு உன் மேல் இல்லை, இங்கே பி.இ. மட்டும்தான் எடுக்கிறார்கள் என்றேன்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க மேடம்" என்றார் சம்பங்கி.

ரேவதி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு அது அன்றுதான் தெரியும்போலிருக்கிறது. அவர் கதவைத் திறந்துவிட்டார், அவள் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

4. தர்ஷினியில்

அடுத்த வருஷம் நான் கம்பெனி மாறினேன். ஒரு மத்தியானம் கோரமங்கலாவில் ஒரு தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டு இட்லி சாப்பிடும்போது எதிர் மேசையில் ரேவதி நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை. அதே இன்ஸ்டிட்யூட்.

"அங்கயே ஃபேகல்ட்டியா எடுத்துக்கிட்டாங்க மேடம். அட்மிஷன் சமயத்துல கவுன்டர்லயும் உக்காரணும். எங்க பேட்ச்ல நாலஞ்சு பேர் இங்கதான் இருக்கோம். வேல கெடச்சவங்கன்னு பிளேஸ்மென்ட் லிஸ்ட்ல எங்களையும் சேத்துட்டாங்க."

சாம்பாரைப் பார்த்தபடியே சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வருகிற பிள்ளைகளிடம் என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

"மொதல்ல உண்மையச் சொன்னேன் மேடம். இன்ஜினியரிங் சீட் கெடச்சிருந்தா அங்க போங்கன்னு. யாரும் கேக்கல. நீங்க இதப் படிச்சுத்தானே வேலையில இருக்கீங்கன்னு திருப்பிக் கேட்டாங்க. ஒரே ஒரு பொண்ணு மட்டும் கேட்டுச்சு. ஃபீஸ் கட்டாம எந்திரிச்சுப் போயிடுச்சு."

"நல்லது."

"டைரக்டர் கூப்பிட்டு, இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா வராதன்னுட்டார். வீட்ல என் சம்பளமும் வேணும் மேடம். இப்ப நான் சொல்றதில்ல."

கை கழுவிவிட்டு, லஞ்ச் டைம் முடிகிறது என்று வேகமாகப் போய்விட்டாள்.

கேம் வேலைக்கு எந்தக் கோர்ஸ் என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படி, கணக்கை விடாதே, கேமை வீட்டில் உட்கார்ந்து செய்து பழகு என்கிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர், பெயரில் கேம் இருக்கிற இடத்தில்தான் போய்ச் சேருகிறார்கள். அவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். எங்கே வேலை பார்க்க ஆசையோ அந்தக் கம்பெனிக்குப் போய், இந்தப் படிப்பு படித்தவர்களை எடுப்பீர்களா என்று கேளுங்கள். கவுன்டரில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். அவர் நல்லவராக இருந்தாலும் கேட்காதீர்கள்.