குழாய்க்குக் குளிர் பார்ப்பவள்

வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, டோரீன் ஹால்க்ரோ வெறுங்கையைக் குழாயின்மேல் வைக்கிறாள். கண்களை மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து பத்து வரை நிதானமாக எண்ணுகிறாள். பிறகு ஒரு முழம் தள்ளி வைத்து, மறுபடியும் ஒன்றிலிருந்து. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. சூடு அளக்கும் கருவி அவள் பையிலேயே இருக்கிறது. அப்புறம் எதற்கு இந்தக் கூத்து என்று யாராவது கேட்டால், "அது நம்பர் சொல்லும். எந்த இடம் ரொம்பக் கஷ்டப்படுதுன்னு சொல்லுமா?" என்பாள்.

ஏரிக்கு வடக்கே பைன் மரங்களுக்கு நடுவில் அறுபது டிரெய்லர் வீடுகள். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் நிற்பவை. அந்த இரண்டரை அடியைச் சுற்றிலும் பலகை அடித்து மூடியிருப்பார்கள். உள்ளே இருட்டு, சிலந்திவலை, உறைந்த மண், தண்ணீர்க் குழாய். வருஷத்தில் ஏழு மாதம் டோரீனின் ஆபீஸ் அதுதான். ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு. ஆனாலும் மல்லாந்து படுத்துக் குதிகாலால் உந்திக்கொண்டு நீர்நாய்போல வழுக்கிப் போய்விடுவாள். "ஒடம்பு வருஷாவருஷம் வளருது, ஓட்டை வளர மாட்டேங்குது. எவனாவது ஒருத்தன் விட்டுக்கொடுக்கணுமில்ல?" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

குழாயின் அடிப்பக்கமாகச் சூடேற்றும் கம்பியை நேராக இழுத்துக் கட்டுவாள். கம்பி தன்மேல் தானே ஏறக் கூடாது. ஏறினால் அந்த இடத்தில் கருகும். சாணுக்கு ஒரு சுற்று கண்ணாடி நூல் டேப். கம்பிக்கு மின்சாரம் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று முடிவு செய்வது தெர்மோஸ்டாட். கட்டைவிரல் நீளமுள்ள அதன் சென்சார் குழாயைத் தொட்டுக்கொண்டே இருக்கும். குழாயின் சூடு நாலு டிகிரிக்குக் கீழே இறங்கினால் கம்பியை எழுப்பும். ஏறினால் தூங்க வைக்கும். அந்தச் சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் டோரீனின் படிப்பு முழுக்க இருக்கிறது. கம்பியின் பக்கத்தில் வைத்தால் கம்பியின் சூட்டையே குழாயின் சூடு என்று நம்பி ஏமாந்துவிடும். கம்பிக்கு எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும். அதுவும் அந்த வீட்டிலேயே அதிகம் குளிரும் இடத்தில். கையுறை கழற்றுவது அதற்காகத்தான். கடைசியில் சென்சாருக்கு மட்டும் ஒரு இடுக்கு விட்டு, எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சுறை சுற்றிவிடுவாள்.

வேலை முடிந்ததும் உடனே கிளம்ப மாட்டாள். எனாமல் கோப்பையில் பனியும் தண்ணீரும் கலந்து கூழாக்கி, பஞ்சுறைக்குள் நுழைக்கும் முன் சென்சாரை அதில் முக்கி எடுப்பாள். வீட்டுக்காரர் யாராக இருந்தாலும், பாதிரியாராக இருந்தாலும், மண்டியிட்டுக் காதை வைக்க வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு சென்சாரை எடுத்துத் துடைத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு 'டக்'. "கேட்டுச்சா? குளிருச்சுன்னா அழுவுது, அணைச்சுக்கிட்டா தூங்குது. இதவிட என்ன புத்தி வேணும் ஒரு சாமானுக்கு?" மூன்று தடவை இது நடக்கும். அதற்கப்புறம்தான் டீ. டப்பாப் பால் ஊற்றி, பேனக் என்னும் தட்டை ரொட்டியை முக்கித் தின்பாள்.

பெருமைக்கும் குறைவில்லை. முப்பத்தோரு குளிர்காலத்தில் அவள் கட்டிய குழாய் ஒன்றுகூட உறைந்ததில்லை. இதைத் தபால் ஆபீசில் சொல்வாள், பிங்கோ ஆடும் இடத்தில் சொல்வாள், சாவு வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறாள். "நான் கட்டுன லைன் ஒறைஞ்சா கருவிப் பெட்டிய மூடி ஏரியில போட்டுருவேன்." ஹார்டுவேர் கடையில் காப்பிக்கு உட்காரும் ஆண்கள் அந்த நாளுக்காகவே காத்திருந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

ஜனவரி நடுவில் ஒரு காலையில்தான் இசிடோர் லாலிபெர்ட்டிடமிருந்து போன் வந்தது.

இசிடோருக்கு எண்பத்தொன்று. மீன்பிடிக்க வருகிறவர்களுக்கு ஏரியில் வழிகாட்டியே காலத்தைக் கழித்தவர். மனைவி போன பிறகு கடைசி வரிசை டிரெய்லரில் தனியாக இருக்கிறார். போன குளிர்காலத்தில், வேறு யாரோ கட்டிய பழைய கம்பியால், இரண்டு தடவை குழாய் உறைந்தது. பிரின்ஸ் ஆல்பர்ட் நகரத்தில் இருக்கும் மகள் வெர்னா அப்போதே சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை ஒறைஞ்சா நான் பெட்டியோட வருவேன்ப்பா. முதியோர் இல்லத்துல எடம் சொல்லி வச்சிருக்கேன்." அக்டோபரில் டோரீன் எல்லாவற்றையும் புதிதாக மாட்டிக் கொடுத்தாள். சத்தம் கேட்கக் காதை வைத்தபோது இசிடோர், "எனக்கு அங்க ஜன்னல்ல என்ன தெரியும்? பார்க்கிங்தான தெரியும்?" என்று மட்டும் கேட்டார். டோரீன் நாலாவது தடவையும் சோதித்தாள்.

"டோரீன், தண்ணி வரல" என்றார் போனில்.

"நான் கட்டுனதா? இருக்காது."

"வரலம்மா."

"வெர்னாவுக்குத் தெரியுமா?"

"அவளே கூப்புட்டா. டீ போட்டீங்களாப்பான்னு கேட்டா. எனக்குப் பொய் வரல. கெளம்பிட்டா."

நகரத்திலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். டோரீன் கருவிப் பெட்டியையும் தன் இளஞ்சிவப்பு முடி உலர்த்தியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த முடி உலர்த்தியால் அவள் தலைமுடியை உலர்த்தியதே இல்லை.

மின்சாரம் இருந்தது. வடமேற்கு மூலையில் பலகை ஒரு சாண் உயர்ந்திருந்தது. அடியில் ஒரு விறகுக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். சமையலறைக்குக் கீழே குழாய் கல்லாக இருந்தது. கம்பியைத் தொட்டாள், அதுவும் ஜில்லென்றிருந்தது. இவ்வளவு குளிரில் இது ஏன் தூங்குகிறது? முப்பத்தோரு வருஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், கிழவரின் ஜன்னல் போய்விடுமே என்று பதறினாள். சென்சார் இருக்கும் மூலைக்கு நகர்ந்து டார்ச்சை அடித்தாள்.

இரண்டு மஞ்சள் கண்கள் அவளைப் பார்த்தன.

பழுப்பு நிறப் பெண்நாய், எலும்பும் தோலுமாக. பஞ்சுறையைக் கடித்துக் கிழித்துப் படுக்கை போட்டிருந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிகள். முதுகைக் குழாயோடு, சரியாகச் சென்சாரோடு, ஒட்டிவைத்துப் படுத்திருந்தது. அதன் உடம்புச் சூட்டை வாங்கிய தெர்மோஸ்டாட், ஜூலை மாதம் வந்துவிட்டதென்று நிம்மதியாக இருந்துவிட்டது. நாய்க்கு அடியில் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை விரித்திருந்தது.

"பெரியவரே!" என்று கத்தினாள். "கிறிஸ்துமஸுக்குப் போட்டிருந்தீங்களே, அந்தச் சட்டை எங்க?"

வெளியே பனியில் முழங்கால் பதியும் சத்தம் கேட்டது. பலகை இடுக்கில் இசிடோரின் முகம் தெரிந்தது. "அது என் நாயில்ல. எவனோ குளிரு வந்ததும் ரோட்டுல விட்டுட்டுப் போயிட்டான். வயிறு வேற அம்மாம் பெருசு. உள்ளக் கூப்டேன், வரல, மனுசன்னா பயம். ஒரு சாண்தாம்மா தூக்கி வச்சேன்."

"ஜனவரியில பலகையத் தூக்கி வச்சீங்களா!"

"தெரியும்." முகம் கீழே போயிற்று. "வெர்னா கேட்டா, அப்பாவுக்குப் புத்தி பெரண்டுருச்சும்பா. அவ சொல்றது நியாயந்தான."

வேறு எந்த வீட்டுக்காரராவது இந்தக் காரியம் செய்திருந்தால் டோரீன் ஊரைக் கூட்டியிருப்பாள். அன்று திட்ட வாய் வரவில்லை. "கெட்டில்ல பனிய உருக்கிச் சூடு பண்ணுங்க, போங்க" என்றாள்.

இரண்டு மணி நேரம் முடி உலர்த்தியைக் குழாயோடு நகர்த்தினாள். நாய் முதலில் உறுமியது. சூடான காற்று தன் பக்கமும் வருவதைக் கண்டு அப்புறம் சும்மா இருந்தது. சென்சாரைக் கழற்றிப் பன்னிரண்டு அடி தள்ளி, கை வைத்துப் பார்த்து, நாய் நுழைய முடியாத இடுக்கில் கட்டினாள். கிழிந்த இடத்துக்குப் புதுப் பஞ்சுறை சுற்றி, அதற்கும் நாய்க்கும் நடுவில் ஒரு பலகை அடித்தாள். மூலையில் விறகுக்கட்டையை எடுத்துவிட்டு, உயர்ந்த பலகையை அப்படியே ஆணியடித்து நிறுத்தி, தன் லாரியின் ரப்பர் மிதியை வெட்டித் திரைபோலத் தொங்கவிட்டாள். நாய் போகலாம், காற்று போகாது. கோப்பையில் பனிக்கூழ். டக். உள்ளங்கை. டக். மேலே சமையலறையில் குழாய் இருமி, துப்பி, பிறகு ஓட ஆரம்பித்தது. இசிடோர் தரையைக் காலால் தட்டினார்.

வெளியே வரத் திரும்பியபோதுதான் டார்ச் வெளிச்சத்தில் நாலாவது குட்டி தெரிந்தது. படுக்கையிலிருந்து உருண்டு உறைந்த மண்ணில் கிடந்தது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையை அதன்மேல் வைத்து எண்ணினாள். ஏழில் ஒரு துடிப்பு. தாயிடம் பால் குடிக்கும் தெம்பு அதற்கில்லை. ஜாக்கெட்டைத் திறந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

சமையலறைக்குள் அவள் நுழையும்போது வெர்னா வந்திருந்தாள், காலணிகூடக் கழற்றாமல், கையில் காலிப் பெட்டியோடு. கண் சிவந்திருந்தது. கொடுமைக்காரி இல்லை அவள். மூன்று மணி நேரமும் அழுதுகொண்டே ஓட்டி வந்திருப்பாள் போலிருந்தது.

"என்னக்கா ஆச்சு? அப்பா ஏதாவது பண்ணிட்டாரா? மறைக்காமச் சொல்லுங்க."

இசிடோர் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். குழாயை மூடவும் இல்லை.

"என் தப்பு" என்றாள் டோரீன். "சென்சார வைக்கக் கூடாத எடத்துல வச்சுட்டேன். இப்ப மாத்திட்டேன்."

"நீங்களா?" வெர்னாவுக்கு நம்ப முடியவில்லை. "உங்க லைன் ஒறைஞ்சதே இல்லன்னு ஊரே சொல்லும்."

"இனிமே சொல்லாது. ஹார்டுவேர் கடையில கேட்டாங்கன்னா, டோரீனே ஒத்துக்கிட்டான்னு சொல்லு. வயசாவுதுல்ல எனக்கும்."

"திரும்ப ஒறைஞ்சா?"

"மார்ச் வரைக்கும் தெனம் காலையில நானே வந்து கை வச்சுப் பாக்குறேன். அப்படியும் ஒறைஞ்சா என்னையும் சேத்து அந்த இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போ."

வெர்னா அப்பாவைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள், ஏரி வெள்ளையாகக் கிடந்தது. பெட்டியைத் தரையில் வைத்தாள். பிறகு அதைக் காலால் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, காலணியைக் கழற்ற உட்கார்ந்தாள்.

அப்போதுதான் டோரீனின் நெஞ்சுக்குள்ளிருந்து, கிறீச்சென்று, உயிர் வந்த ஒரு சின்ன அழுகை கேட்டது.

வெர்னா தலையை நிமிர்த்தினாள். டோரீன் ஜிப்பைத் தாடைவரை இழுத்து மூடி, வீடே அதிர இரும ஆரம்பித்தாள்.