நீதிபதி சொன்ன ‘யா’

நீதிபதி நாற்காலியில் மார்கரித் உட்கார்ந்த முதல் நாளே கோர்ட்டு சிரித்துவிட்டது.

காரைக்கால் ஆந்துவானுக்கும் ஒரு சைகோன்காரிக்கும் பிறந்தவள் அவள். எழுபத்தைந்தில் சைகோனில் ஆட்சி மாறியபின் அங்கே வட்டார நீதிமன்றத்தில் எழுத்தராகச் சேர்ந்தாள். வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து, எண்பத்தேழில் அங்கே முதல் பெண் நீதிபதியானாள். தலைமை நீதிபதிக்கு அரை மனசுதான். “இந்த வழக்கை நடத்துங்க, பார்ப்போம். கோர்ட்டு உங்க கைக்குள்ள நிக்கலேன்னா பழைய மேஜைதான்” என்றார்.

வழக்கு அற்பம். ஒரு கிழவரின் கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டுத் தையல்காரி ஹோவாவின் அடுப்படியில் கொட்டுகிறது. பிறந்த வரிசையைச் சொல்லிக் கூப்பிடும் ஊர் அது. அவர் எல்லோருக்கும் ஏழாம் தாத்தா. எழுந்ததும், “இங்க பாரு மகளே” என்று ஆரம்பித்தார்.

“யா” என்றாள் மார்கரித்.

பெரியவர்கள் கூப்பிட்டால் சின்னவர்கள் பணிந்து சொல்கிற வியட்நாமிய ‘யா’. பேச்சு வந்த நாளிலிருந்து அம்மா பழக்கியது, வாயை முந்திக்கொண்டது. பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு. கிழவர் மட்டும் சிரிக்காமல், பேத்தியிடம் பேசுவதுபோல் தன் மூட்டுவலிவரை சொல்லி முடித்தார். தீர்ப்பு மறுநாளைக்குப் போயிற்று.

விஷயம் அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. ஆந்துவான் பிரெஞ்சுக்காரன் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர்.

“எங்க ஜட்ஜு ‘சிலான்ஸ்’னு ஒரு சத்தம் போட்டா ஈகூடப் பறக்காதும்மா.”

“நான் போட்டா, தொண்டை கட்டியிருக்கா மகளேன்னு கேப்பாருப்பா அந்தக் கிழவர்.”

மறுநாள் தலைமை நீதிபதி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கிழவர் எழுந்து, “மகளே” என்றார். கோர்ட்டு சிரிக்கத் தயாரானது.

“யா, தாத்தா” என்றாள் மார்கரித், இந்த முறை வேண்டுமென்றே. “பெரியவர்னு ஒத்துக்கிட்டுத்தான் கேக்குறேன். பெரியவர் வீட்டுத் தண்ணி பக்கத்து வீட்டுப் பொண்ணு அடுப்ப அணைக்கலாமா?”

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் என்று ஊரறியப் பட்டம் வாங்கியபின் சின்னத்தனமாக வழக்காட முடியுமா? கிழவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “ஞாயித்துக்கிழமைக்குள்ள கூரைத் தகரத்த என் பக்கம் திருப்பிடுறேன்.”

“தீர்ப்பும் அதேதான். உக்காருங்க.”

வெளியே போகிறபோது தலைமை நீதிபதி கத்திக்குத்து வழக்கு ஒன்றின் காகிதக் கட்டை அவள் முன்னால் வைத்தார். “இவனுங்களுக்கு மட்டும் யா சொல்லிடாதீங்க.”

வாசலில் ஹோவா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள். “ஜெயிச்சது நான். தோத்தவரத் தாத்தான்னீங்க. என்னை ஒரு அக்கான்னுகூடக் கூப்பிடலையே.”

“நீங்க என்னைவிட மூத்தவங்களா, இளையவங்களா?”

ஹோவா வயதைச் சொல்லவில்லை. விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.