எஸ்தர் டீச்சர் சாப்பிட வந்த நாட்கள்

திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. பள்ளிப் பியூன் தங்கப்பன் சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். "டீச்சரே, நம்ம எஸ்தர் டீச்சர் மரிச்சுப் போச்சு" என்றான். எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். "எலே, காலங்காத்தால வாயில வந்ததப் பேசாத. வெள்ளிக்கிழம எங்கூட இருந்து சோறு தின்னவளாக்கும் அவ!" என்று சத்தம் போட்டேன். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போயிருக்கிறாள், பாட்டுப் பாடியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து தலை வலிக்கிறது என்று படுத்திருக்கிறாள். சோற்றுக்கு எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்து கிடந்ததாம். முப்பத்தைந்து வயது. என்னைவிடப் பதினொரு வயது இளையவள். இந்த அஞ்சலியை நான் அவளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நியாயமாக அவள் எனக்கு எழுதியிருக்க வேண்டும். ஒரு வாரமாகியும் என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அவளோடு வேலை பார்த்தவர்கள், அல்லது அவளிடம் பிள்ளைகளைப் படிக்க விட்டவர்கள். எஸ்தர் பிரம்பைத் தொடாதவள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் தொட்டவள் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். என் வகுப்புக்கும் அவள் வகுப்புக்கும் நடுவில் ஓர் ஓலைத்தட்டிதான். இந்தப் பக்கம் நான் ஓங்கினால் அந்தப் பக்கம் கேட்கும். நாலு வருஷத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் டிரெயினிங் முடித்து அவள் வந்து சேர்ந்த முதல் வாரமே என்னிடம் வந்து, "பகவதியக்கா, அடிச்சா அவன் அப்ப அடங்குவான், செரிதான். பின்ன எப்படி இருக்கணும்னு அடி அவனுக்குப் படிப்பிச்சுக் கொடுக்குமா?" என்று கேட்டாள். "பதினெட்டு வருஷமா பிள்ளையள மேய்க்கேன், நீ எனக்குப் படிப்பிக்க வந்தியா?" என்று விரட்டிவிட்டேன். சிரித்துக்கொண்டே போனாள்.

அவள் முறையை நான் தட்டியின் ஓட்டை வழியாகத்தான் முதலில் பார்த்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லா டீச்சர்மாரும் பார்த்தார்கள். நம் பள்ளியில் மணி என்பது கயிற்றில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அதை அடிக்கப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். யார் முதலில் சிலேட்டை எடுத்து அமைதியாக உட்காருகிறார்களோ அவர்களை அந்த நொடியே பெயர் சொல்லி அழைத்து மணியடிக்க அனுப்புவாள். தாமதிக்க மாட்டாள். "நல்லது செய்த கையோட கிட்டணும் அக்கா. நாளைக்குக் கொடுத்தா எதுக்குக் கிட்டிச்சுன்னு அவனுக்கு மறந்துபோவும்" என்பாள். ஒரு மாதம் தினமும் அனுப்பினாள். பிறகு சில நாள் அனுப்பினாள், சில நாள் விட்டாள். கடைசியில் மணியை மறுபடி தங்கப்பனிடமே கொடுத்துவிட்டாள். பிள்ளைகள் அப்போதும் அமைதியாகத்தான் உட்கார்ந்தார்கள். "பழக்கம் ஒறச்சாச்சுன்னா கொடுக்கத மெள்ள மெள்ள நிறுத்தணும். நிறுத்தலேன்னா அது பாடமில்ல, லஞ்சமாக்கும்." இது அவள் வாக்கு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன், நம் ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் சூடுபிடித்த மாதங்களில்தான் நான் அவளிடம் தோற்றேன். பாறசாலை ரோட்டில் தினம் ஊர்வலம், முக்கில் போலீஸ் வண்டி. ஐந்தாம் வகுப்பில் செல்லையன் என்று ஒரு பயல். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் கோஷம் போடுவான், மொத்த வகுப்பும் ஏற்றுச் சொல்லும். கூப்பிட்டுக் கையில் இரண்டு கொடுத்தேன். மறுநாள் மூன்று பேர் கத்தினார்கள். மூவருக்கும் கொடுத்தேன். அந்த வாரம் முடிவதற்குள் பாதி வகுப்பு வரிசையில் நின்று கையை நீட்டியது, ஏதோ பிரசாதம் வாங்குவது மாதிரி!

எஸ்தர்தான் என்னைக் கையைப் பிடித்துச் சாயாக்கடை முக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செல்லையன் அங்கே பெஞ்சில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். சிவந்த உள்ளங்கையைப் பெரியவர்கள் வரிசையாகப் பார்த்தார்கள். "மிடுக்கன்! நம்ம பிள்ளையாக்கும்" என்று ஒருவர் முதுகில் தட்டினார், இன்னொருவர் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். "பாத்தியளா அக்கா? நீங்க அடிக்கதா நினைக்கியோ. ஆனா அவனுக்கு மெடல் குத்திவிடுகியோ" என்றாள். இருபது வருஷம் மேய்த்த எனக்கு இது புரியவில்லையே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இனி அவன் கத்துனா நீங்க கேக்கேல்ல. கணக்க எழுதிக்கிட்டே இருங்கோ. அவன் சிலேட்டுல குனிஞ்ச உடனே பக்கத்துல போய் நில்லுங்கோ, ஒரு நல்ல வார்த்த சொல்லுங்கோ. அம்பிடுதான்" என்றாள். பிறகு விரலை ஆட்டி எச்சரித்தாள். "முதல்ல சத்தம் கூடும் கேட்டியளா. அதுல பயந்து பிரம்ப எடுத்தா எல்லாம் போச்சு." சொன்னபடியே கூடியது. மூன்றாம் நாள் ஓலைக்கூரை பறந்துவிடும் போல இருந்தது. நான் பொறுக்கமாட்டாமல் பிரம்பை எடுத்து விளாசிவிட்டேன். அன்று மத்தியானம் எஸ்தர் சாப்பிட வரவில்லை.

அவள் மத்தியானம் என்னோடு சாப்பிடுவது வந்த நாளிலிருந்தே உள்ள வழக்கம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தூக்குச்சட்டியில் கொண்டுவருவாள், எனக்கும் சேர்த்து. அந்தக் கறிக்காக நான் காலையிலிருந்தே காத்திருப்பேன் என்று சொல்வதில் எனக்கென்ன கூச்சம்? சில நாள் வரமாட்டாள். மறுநாள் கேட்டால், "கொஞ்சம் ஜோலி உண்டு அக்கா" என்பாள். நோட்டுத் திருத்துகிறாள் போல என்று நானும் விட்டுவிடுவேன்.

விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினோம். பத்துப் பன்னிரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கோஷம் பாதி வகுப்பிலிருந்து மூன்று பேருக்கு இறங்கி, ஒருவனுக்கு இறங்கி, ஒரு நாள் நின்றே போனது. செல்லையன் சாயங்காலம் ரோட்டில் தொண்டை கிழியக் கத்துவான். "ரோட்டுல விளிக்கட்டும் அக்கா, அது அவன் உரிம. கிளாசுல கணக்குப் போடணும், அது நம்ம உரிம" என்றாள். அதற்குப் பிறகு இந்த இரண்டு வருஷம் நான் பிரம்பை எடுக்கவில்லை. கரும்பலகைக்குப் பின்னால் அது பூஞ்சை பிடித்தது, தங்கப்பன் எடுத்து அவரைக்கொடி படரப் பந்தலில் ஊன்றிவிட்டான். எஸ்தரும் ஒரு நாள் தவறாமல் சாப்பிட வந்தாள். கேலியாக ஒருமுறை, "எல்லாரையும் திருத்துகே, ஒன் வீட்டுக்காரர் பீடிய நிறுத்தினியா?" என்று கேட்டேன். "அவரு மட்டும் என் சிலபஸ்ல வரேல்ல அக்கா" என்றாள். இரண்டு பேரும் புரையேறச் சிரித்தோம்.

அந்தப் பீடிக்காரர் சாமுவேல், ஆரியங்கோட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர். திங்கட்கிழமை மாலை காரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்ததும் என்னிடம் வந்தார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தார், பாவம். "அக்கா, அவளுக்கு ஒங்கள நினைச்சுத்தான் எப்பவும். ஆரம்பத்துல நீங்க பிரம்பு எடுத்த நாளெல்லாம் கறிய அப்படியே திரும்பக் கொண்டு வருவா. 'இன்னைக்கு அக்கா அடிச்சாவ, நான் போவேல்ல'ன்னு சொல்லுவா. ஒங்கள விட்டுட்டுத் தனியா இருந்து தின்னவும் மாட்டா. பட்டினியாக்கும்."

அவள் வராத நாட்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஆமாம். எல்லாம் நான் அடித்த நாட்கள். அப்படியானால் என்னையும் அவள் வகுப்பில் உட்கார்த்தி வைத்திருக்கிறாள்! பிள்ளைகளுக்கு மணி, எனக்கு மீன்கறி. நாற்பத்தாறு வயதுக்காரியை, அவளுக்கு அக்காவை! குழிமேட்டில் போட்ட மண் இன்னும் ஈரம் காயவில்லை, எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம். உன் பாசமும் டிரெயினிங்கில் படித்த பாடம்தானா மக்கா, என்று கேட்க வாய் துடித்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. பாறசாலை வரைக்கும் யாரோடும் பேசாமல் நடந்து வந்தேன்.

மூன்று நாள் நான் சரியாகத் தூங்கவில்லை, பள்ளியில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவுமில்லை. வியாழக்கிழமை மத்தியானம் வழக்கமான இடத்தில் தனியாக உட்கார்ந்து என் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளைகள், டீச்சர் இல்லாமலே, சத்தமில்லாமல் இருந்தார்கள். மணியடிக்க அனுப்புவதை அவள் நிறுத்தி எத்தனையோ நாளாகிறது. அப்போதுதான் அவள் வாக்கு நினைவுக்கு வந்தது. பழக்கம் வேரூன்றிவிட்டால் கொடுப்பதை மெல்ல நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் அது பாடமில்லை.

பிரம்பெடுக்காத என் பழக்கம் வேரூன்றி இரண்டு வருஷம் ஆயிற்று. அவள் மறதிக்காரி அல்ல, பிள்ளைகளிடம் ஒரு நாள்கூட முறை தவறியவள் அல்ல. அவள் முறைப்படி எனக்குக் கொண்டுவரும் கறி எப்போதோ நின்றிருக்க வேண்டும். அந்தக் கடைசி வெள்ளிக்கிழமைகூடக் கொண்டுவந்தாள். நெத்திலி. உப்புக் கொஞ்சம் கூடிப்போனதென்று அவளே சொல்லிக்கொண்டாள்.

எல்லை எங்கே விழப்போகிறது என்று இதை எழுதும்போது யாருக்கும் தெரியாது. நம் பள்ளி எந்தப் பக்கம் போனாலும் அவள் படிப்பித்த முறையை நான் கைவிடமாட்டேன், அதை நீங்கள் என் வகுப்பில் வந்து பார்க்கலாம். ஆனால் எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது அதை அல்ல. அந்த இரண்டு வருஷத்து மத்தியானங்களை. அவற்றுக்கு அவள் படித்த பாடத்தில் எந்தக் காரணமும் கிடையாது. அவள் சும்மாதான் வந்தாள்.