எண்ணாமல் மூடிய இன்ஜின்

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் எழுத வருவது அதிகம்தான்; பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ஐயப்பன்தாங்கலில் ஸ்கூட்டர் மெக்கானிக் டீசலில் நனைத்த துணியால் கை துடைத்தார். எனக்கு அப்பாவின் வாசனை வந்தது.

ஆவடியில் ராணுவ வண்டிகளின் இன்ஜினைப் பழுதுபார்த்தவர் அவர். உள்ளே எதுவும் தங்கிவிடாமலிருக்க, ஸ்பேனர்களை எண்ணிய பிறகுதான் இன்ஜினை மூட வேண்டும். ஒருநாள் சாயங்காலம் சோற்றைப் பிசைந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"இன்னிக்கு எண்ணாம மூடிட்டேன். ஒரு ஸ்பேனரை வெளிய எடுத்த ஞாபகமே இல்ல."

அந்த வண்டி விடியற்காலையில் ரயிலேறி எல்லைக்குப் போகவிருந்தது.

வெளிநாட்டுக்குப் பழுதுபார்க்கப் போகிறவர்களின் பட்டியலில் அப்போதுதான் அப்பாவின் பெயர் வந்திருந்தது. "இப்பப் போய்ச் சொன்னீங்கன்னா பேரை அடிச்சிருவாங்களே," என்றாள் அம்மா.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் சிரித்தார். "கம்முனு கெட மாமே. இன்ஜினு இன்னா, வாயத் தொறந்து சொல்லவா போவுது?"

"ஓட்றவன் அதுக்குள்ளதான உக்காந்திருப்பான்," என்றார் அப்பா. கை கழுவிவிட்டு சைக்கிளை எடுத்தார். அம்மா தட்டை மூடி வைத்தாள்.

மறுநாள் வண்டியை நிறுத்திவைத்து இன்ஜினைப் பிரித்தார்கள். உள்ளே எதுவும் இல்லை. ஸ்பேனர் பட்டறை மேசைக்கடியில் கிடந்தது. பட்டியலில் அப்பாவின் பெயரை அடித்துவிட்டார்கள்.