அவளுடைய முழங்காலுக்கு நான் வைத்த நேர்த்தி

எங்கள் ஊரில் ஹொக்கி பார்க்க வருபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிரிக்கெட் என்றால் லீவு போட்டுக்கொண்டு வருவார்கள். ஹொக்கி என்றால் விளையாடும் பிள்ளைகளின் தாய்மாரும், கோட்டைப் பக்கமிருந்து புல் மேய வரும் மான்களும்தான். அவர்களை விட்டால் நாங்கள் மூன்று பேர். தபால் கந்தோரில் முத்திரை விற்கும் நான், மாலைப் பூசைக்குப் புறப்பட்டு வந்து பூசையை மறந்து நிற்கும் ஓய்வுபெற்ற கணித மாஸ்டர், கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும், முஸ்லிம் அண்ணன் என்பதால் எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் மனிதர். பாடசாலைக் காலத்தில் ஸ்டிக் பிடித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வாயும் எனக்குத்தான் நீளம்.

மூன்று வருடமாக நாங்கள் ஒரே ஒரு பிள்ளையைப் பற்றித்தான் வாதாடினோம். பந்தை எடுத்துக்கொண்டு அவள் ஓடத் தொடங்கினால் எதிரணிப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். அப்படி ஒரு ஓட்டத்தை நான் எங்கள் மைதானத்தில் முன்பு கண்டதில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை அவளுக்கு ஏதாவது வந்துவிடும். ஒரு வருடம் கணுக்கால், அடுத்த வருடம் தொடை.

"உந்தப் பிள்ளைக்கு உடம்பு பெலன் காணாது. கொழும்பில எடுத்தாலும் ஒரு வருசம் தாக்குப்பிடிக்க மாட்டாள்" என்பார் மாஸ்டர்.

"உடம்பில என்ன பிழை, மாஸ்டர்? சாப்பாட்டைக் கவனிச்சாக் காணும்" என்று சொல்லி, விற்றது போக மிஞ்சிய மீனை அவளுடைய தாயிடம் கொடுத்தனுப்புவார் நானா.

"ரெண்டு பேருக்கும் விளங்கேல்ல. பாரம் முழுக்க இடது காலில போடுறாள். அதை மாத்தினால் நாட்டுக்கே விளையாடுவாள்" என்பேன் நான். தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வரும் அவளுக்கு எல்லாம் கேட்கும். "அன்ரி, என்ர காலைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் கூடத் தெரியும்" என்று சிரித்துவிட்டு ஓடுவாள். அதைப் பாராட்டு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மாகாண இறுதி ஆட்டத்தில் அவளுடைய இடது முழங்கால் திரும்பியது. யாரும் இடிக்கவில்லை. தானாகத் திரும்பினாள், தானாக விழுந்தாள். ஓரத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். தாய் தலையில் கைவைத்து அழுதாள். தாய் வெருகல் பக்கத்து ஆள், அங்கத்தைய முருகனைத்தான் கும்பிடுவாள். எனக்கு என்ன வந்ததோ, எல்லோர் முன்னாலும் கைகூப்பி உரத்துச் சொன்னேன்.

"வெருகல் முருகா, இவளுக்குக் கால் சுகமாகி, நாட்டுக் குழாமுக்கும் எடுபட்டாளெண்டால், உன்ர திருவிழாவுக்கு இஞ்சயிருந்து இவளை நடந்து வரப்பண்ணுறன்."

தாய் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிள்ளை துவாயைக் கடித்துக்கொண்டு வலியில் கிடந்தது. அதனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கால் சுகமானது. தெரிவுக்குப் போனாள், நாட்டின் கனிஷ்ட குழாமுக்கு, இளையோர் அணிக்கு, எடுபட்டாள். கந்தோர் முழுக்க நான் ரொபி கொடுத்தேன். கடிதம் வந்த பிறகுதான் திகதி தெரிந்தது. வெருகல் திருவிழா முடிந்த மறுவாரம் கொழும்பில் பயிற்சி முகாம்.

"அன்ரி, நான் போயிட்டு வந்து அடுத்த வருசம் நடக்கட்டா?" என்று கேட்டாள்.

"சாமிக்குச் சொன்னதைத் தள்ளிப்போடப்படாது, பிள்ளை" என்றேன்.

நானாவுக்கு இது பிடிக்கவில்லை. "எங்கட நோன்பில சுகமில்லாத ஆள் சுகமான பிறகு பிடிக்கலாமெண்டு இருக்கு. உங்கட முருகன் ஒரு வருசம் பொறுக்க மாட்டாரா, தங்கச்சி?" என்று கேட்டார். நடை காலுக்கு நல்லதுதானே, ஓடவா சொல்கிறோம் என்று மாஸ்டர் என் பக்கம் நின்றார். இரண்டுக்கு ஒன்று என்று நான் வென்றேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கணக்கில் அவளுடைய வாக்கைச் சேர்க்கவே இல்லை.

மூன்று நாள் நடை. அடியார் கூட்டத்தோடு அவளும் தாயும் நடந்தார்கள். எனக்குக் குதிக்கால் வாதம். ஆகவே தண்ணீர்ப் போத்தல்களோடு ஓட்டோவில் பின்னால் போனேன். முதல் நாள் பாட்டும் அரோகராவுமாகப் போனது. இரண்டாம் நாள் கிளிவெட்டிக்கு வரும்போதே அவள் இடது காலை மெல்ல எடுத்து வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் பார்த்தேன், இடது முழங்கால் மற்ற முழங்காலைவிடப் பருத்திருந்தது. கூட்டமும் அதோடு தாயும் முன்னால் போய்விட்டார்கள். பிள்ளை ஓட்டோவுக்குக் கிட்ட வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க இடம் இருந்தது. அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

இவ்வளவு தூரம் வந்து, தேரை இழுத்துத் தெருவில் விட்ட கதையாகப் போய்விடக் கூடாது என்றுதான் எனக்கு ஓடியது.

"இன்னும் கொஞ்சம்தான், பிள்ளை" என்றேன்.

நடந்தாள். கோயில் வாசலில் நான் அழுதேன். சந்தோசத்தில் அழுதேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

முகாமில் மூன்றாம் நாள் அவளால் எழும்ப முடியவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், முழங்காலுக்குள் தசைநார் அறுந்திருந்தது. சத்திரசிகிச்சை முடிந்து, ஊன்றுகோலோடு அவள் ஊருக்கு வந்தபோது, குழாமில் அவளுடைய இடத்துக்கு வேறு பிள்ளை போயிருந்தது. இனி ஓடி விளையாட ஏலாது என்று டொக்டர் தாயிடம் சொல்லியிருந்தார்.

ஒரு பின்னேரம் மைதானத்துக்கு வந்தாள். ஓரத்தில் கதிரை போட்டு இருத்தினோம். எங்கள் வாதம் அவளை வைத்துக்கொண்டே தொடங்கியது.

"நான் அப்பவே சொன்னனான், உடம்பு தாங்காதெண்டு" என்றார் மாஸ்டர். "எங்கட புல்லில ஓடிப் பழகின பிள்ளையை அந்தக் கொழும்புச் செயற்கைத் தரையில ஓடவிட்டால் கால் என்ன செய்யும்?"

நானா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"எங்க வச்சு, மகள், முதல்ல நொந்தது?"

அவள் மைதானத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"கொழும்பிலதான், நானா. அந்தத் தரையில."

மாஸ்டர் தலையாட்டினார். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். எந்த ஆட்டத்திலும், கேட்காமலே தீர்ப்புச் சொல்லும் நான், குனிந்து அவளுடைய ஊன்றுகோலைச் சரியாகச் சாத்தி வைத்தேன்.

பொழுதுபட முன்னர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒழுங்கைக்குள் திரும்பியதும் கேட்டேன்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

"நேத்தியால போனதெண்டு தெரிஞ்சால் அம்மா தாங்கமாட்டா."

கொஞ்சத் தூரம் போனோம். வாசலில் நின்றாள்.

"அன்ரி, ஒண்டு கேக்கட்டா? நேத்தி வைக்கேக்க நீங்கள் ஏன் உங்கட காலை வைக்கேல்ல?"

குரலில் கோபம் இல்லை. பல நாள் யோசித்தும் விடை கிடைக்காமல் கேட்கிறாள் என்று தெரிந்தது. படி ஏறுவதற்குக் கை கொடுத்தேன். அவள் அதைப் பிடிக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி உள்ளே போனாள்.