உயிரோடு பார்க்காத சாலமாண்டர்

என் ஆராய்ச்சிப் படிப்பு முழுவதும் ஒரேயொரு பிராணியைப் பற்றியது. மத்திய அமெரிக்க மழைக்காட்டில், மரக்கிளைகளில் ஒட்டி வளரும் செடிகளின் ஈரத்தில் வாழும் விரல் நீளச் சாலமாண்டர்; பார்வைக்குப் பல்லி, இனத்தால் தவளைக்கு உறவு. அதற்கு நுரையீரல் கிடையாது. தோலால்தான் மூச்சு விடும். மெல்பேர்னில் எங்கள் ஆய்வுகூடத்துப் போத்தல்களில், மதுசாரத்தில் ஊறி வெளிறிப்போனவற்றை மட்டுமே நான் தொட்டிருக்கிறேன்.

ஸ்பிரிங்வேல் கடைத்தெருவுக்கு மரக்கறி வாங்கப் போனால், அம்மாவின் சிநேகிதியான அன்ரி ஒருவர் என்னை விடமாட்டார்.

"பிள்ளை, உன்ர பல்லி என்ன சொல்லுது? நல்ல பலனோ?"

"அது பல்லி இல்லை அன்ரி. அதுக்குச் சத்தமும் வராது."

"பலன் சொல்லாத பல்லியை வச்சு என்னத்தைப் படிக்கிறாய்?"

நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். வீட்டுக்கு வந்தபின் எரிச்சலாக இருக்கும்.

நாங்கள் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். எங்களுடையது தற்காலிக விசா. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர விடமாட்டார்கள். என் பேராசிரியர் ஒவ்வொரு விடுமுறைக்கும் அந்தக் காட்டுக்குப் போனார். கூடப் படித்தவர்களும் போனார்கள். சாலமாண்டர் நாக்கை வீசிப் பூச்சி பிடித்த கதையை வந்து தேநீர் அறையில் சொல்வார்கள். எனக்கு வயிறு எரியும். விசாக் கதையைச் சொல்லி அவர்களுடைய பரிதாபத்தை வாங்க விருப்பமில்லை. காடு மேடு ஏறுவதில் எனக்கு ஆர்வமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லோரும் நம்பினார்கள்.

நிரந்தர விசா கிடைத்தபோது பட்டமும் கிடைத்து முடிந்திருந்தது. அன்ரி கேசரியோடு வந்தார்.

"இனியாவது போய் உன்ர பல்லியைப் பார்த்திட்டு வா."

பேராசிரியரோடு போனேன். சரிவில் பாதிக் காட்டை மாட்டுப் பண்ணைக்காக வெட்டியிருந்தார்கள். வெயில் புகுந்து மிச்ச மரங்களும் காய்ந்திருந்தன. நாட்கணக்கில் செடி செடியாக விலக்கிப் பார்த்தோம். இலைகளுக்குள் சருகும் எறும்பும்தான் இருந்தன. தோலால் மூச்சு விடும் பிராணி அந்த வறட்சியில் எப்படி இருக்கும்?

கடைசி நாள் அவர் என் தோளில் கை வைத்தார். மனிதருக்கு உண்மையாகவே கவலை.

"நீ முன்பே வந்திருக்கலாம். உனக்குத்தான் அப்போது ஆர்வம் இருக்கவில்லை."

அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, மாதிரி எடுக்கக் கொண்டுபோன போத்தல்களை வெறுமையாகவே பெட்டியில் அடுக்கினேன்.